தங்கச் சிங்க டாமரின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன குரங்கு, எங்கே இருக்கிறது?

பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில், கடலை ஒட்டிய தாழ்நில மழைக்காட்டில் வாழும் சின்னக் குரங்கு இது. உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் கிடையாது. எடை அரைக் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் இடையில். உடம்பு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, வால் உடம்பைவிட நீளம். முகம் கருத்து, முடியில்லாமல் இருக்கும். அதைச் சுற்றிப் பிடரி மயிர் சிலிர்த்து நிற்கும். மற்றபடி தலையிலிருந்து வால்வரை செம்பொன் நிறம். உள்ளூர்க்காரர்கள் மிக்கோ-லெயாவ்-தோராடு என்கிறார்கள்.

பிரேசில் மழைக்காடு என்றதும் எல்லோரும் அமேசானைத்தான் நினைக்கிறோம். இது இருப்பது அங்கே இல்லை. நாட்டின் கிழக்குக் கரையோரமாக நீண்டு கிடக்கும் அட்லாண்டிக் காடு தனியானது, அமேசானோடு ஒட்டாதது. அந்தக் காட்டிலும் சாவ் ஜுவாவ் ஆற்றுப் படுகையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டினால் இந்தக் குரங்கைப் பார்ப்பது அரிது. 1519-இல் மெகல்லனின் கப்பல்கள் ரியோ விரிகுடாவில் நங்கூரமிட்டபோது கூடவே வந்த பிகாஃபெட்டா, சிங்கம் போன்ற மஞ்சள் நிறக் குட்டிக் குரங்குகளை அழகானவை என்று எழுதிவைத்தார். இன்று பிரேசிலின் 20 ரெயால் நோட்டில் இதன் படம் இருக்கிறது.

நம் சிங்கவால் குரங்குக்கு இது சொந்தமா?

கிட்டத்துச் சொந்தம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கு, அதாவது சோலைமந்தி, பழைய உலகக் குரங்கு (ஆசிய, ஆப்பிரிக்க வகை), மக்காக் இனம். ஒரு வளர்ந்த சோலைமந்தி ஆணின் எடைக்குப் பத்துக்கும் மேற்பட்ட தங்க டாமரின்கள் வேண்டியிருக்கும். டாமரின்களும் மார்மோசெட்டுகளும் தென் அமெரிக்கக் குரங்குகளில் மிகச் சிறியவை அடங்கிய தனிக் குடும்பம். ஆனால் இரண்டுக்கும் வந்த கஷ்டம் ஒன்றுதான்: துண்டு துண்டாகிப்போன மழைக்காடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிங்க டாமரின்களில் மொத்தம் நான்கு இனங்கள். பாயியா மாநிலத்தில் தலை மட்டும் பொன்னிறமான இனம், சாவ் பாலோவில் கருப்பு இனம், தெற்கே சுப்பராகுயி தீவுப் பக்கம் 1990-இல்தான் அறிவியலுக்குத் தெரியவந்த கருமுக இனம், அப்புறம் இது. நான்கும் அட்லாண்டிக் காட்டுக்கே உரியவை.

ஒரு நாள் பொழுது எப்படிப் போகிறது?

விடிந்ததும் மரப்பொந்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். பொந்தை இவை தோண்டுவதில்லை. மரங்கொத்தி கொத்தி விட்டுப்போனதோ, கிளை முறிந்து உளுத்ததோ, கிடைத்ததில் குடும்பமே ஒன்றாக ஒடுங்கி இரவைக் கழிக்கும். பொந்து விழ மரத்துக்கு வயதாக வேண்டும். அதனால்தான் புதிதாக வளர்ந்த காடு பச்சையாக இருந்தாலும் இவற்றுக்கு வீடு கிடைக்காமல் போகிறது. காடு வளர்க்கும் திட்டங்களில் எளிதாக மறந்துவிடுகிற விஷயம் இது.

காலையில் முதல் வேலை பழம். இனிப்பான, மெத்தென்ற சிறு பழங்களைத் தேடி மரம் மரமாகப் போகும். சின்ன விதைகளை அப்படியே விழுங்கிவிட்டு வேறெங்கோ எச்சத்தோடு போடும், காட்டுக்கு அதுவும் ஒரு நடவுதான். வயிறு கொஞ்சம் நிறைந்த பிறகு பூச்சி வேட்டை. மத்தியானம் வெயில் ஏறும்போது கிளையில் படுத்து ஒன்றுக்கொன்று முடி கோதிக்கொள்ளும், குட்டிகள் விளையாடும். பொழுது சாயும் முன்பே பொந்துக்குத் திரும்பிவிடும்.

ஒரு குடும்பத்தின் எல்லை சுமார் 40, 50 ஹெக்டேர். அரைக் கிலோ உயிருக்கு இவ்வளவு இடமா என்று தோன்றும். உணவு அப்படிச் சிதறிக் கிடக்கிறது. எல்லையில் பக்கத்துக் குடும்பத்தைக் கண்டால் நீண்ட கீச்சுக் குரலில் மாறி மாறிக் கத்திக்கொள்ளும், துரத்திக்கொள்ளும்.

பூச்சியை எப்படிப் பிடிக்கிறது?

இந்தக் குரங்கிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கைதான். உள்ளங்கை ஒடுங்கி, விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்டு மெலிந்திருக்கும். அட்லாண்டிக் காட்டில் பெரிய மரங்களின் கிளையெல்லாம் புரோமீலியாட் செடிகள் ஒட்டி வளரும். அன்னாசிக் குடும்பத்துச் செடி, இலைகளின் அடியில் மழைநீரைத் தேக்கி வைக்கும். அந்த நீரிலும் உதிர்ந்த சருகிலும் சில்வண்டு, கரப்பான், சிலந்தி, நத்தை, சிறு தவளை எல்லாம் ஒளிந்திருக்கும். டாமரின் தலைகீழாகத் தொங்கியபடி, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, இலையிடுக்கில் கையை முழங்கைவரை விட்டுத் துழாவும். பார்த்துப் பிடிப்பது குறைவு, தொட்டுப் பிடிப்பதே அதிகம். மரப்பட்டை இடுக்கு, பனை வகை மரங்களின் கொண்டை, காய்ந்த சருகுக் கொத்து என்று கை நுழையும் இடமெல்லாம் தேடும். சமயத்தில் பல்லியும் பறவை முட்டையும் கிடைக்கும். பூந்தேனும் குடிக்கும்.

கால் கட்டைவிரல் தவிர மற்ற விரல்களில் நமக்கிருப்பது போலத் தட்டை நகம் இல்லை, வளைந்த கூர்நகம். நேராக நிற்கும் தடித்த மரத்தில் அணில்போல ஒட்டிக்கொண்டு ஏற அது உதவுகிறது.

அப்பாதான் குட்டியைச் சுமக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அப்பா மட்டும் இல்லை, வீடே சுமக்கும்.

இந்தக் குரங்கு பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். கர்ப்பம் நான்கு மாதத்துக்குச் சற்று அதிகம். பிறந்த குட்டி ஒவ்வொன்றும் 60 கிராம் அளவு, அதாவது இரண்டும் சேர்ந்தால் தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் சுமையோடு பாலும் கொடுத்துக்கொண்டு நாளெல்லாம் கிளைக்குக் கிளை தாவுவது தாயால் தனியாக முடியாது. முதல் இரண்டு மூன்று வாரம் குட்டிகள் தாயின் முதுகில்தான் இருக்கும். அப்புறம் தகப்பனும், முந்தைய ஈற்று அண்ணன் அக்காக்களும் வாங்கிக்கொள்வார்கள். பால் குடிக்கும் நேரத்துக்கு மட்டும் குட்டி தாயிடம் போகும்.

ஒரு குடும்பத்தில் சராசரியாக ஐந்தாறு பேர் இருப்பார்கள். பொதுவாக ஒரே ஒரு பெண்தான் குட்டி போடும். வளர்ந்த மகள்களும் மகன்களும் உடனே பிரிந்து போகாமல் சில வருடம் உடன் இருந்து தம்பி தங்கைகளை வளர்க்கிறார்கள். குட்டிகள் பிறப்பது மழைக்காலத்தை ஒட்டி, செப்டம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச்வரை.

பெரியவை குட்டிகளுக்குக் கற்றுக்கொடுக்குமா?

இதைப் பற்றிப் படித்தபோது நான் அசந்துபோனேன். குட்டி திடஉணவுக்கு வரும் வயதில் பெரியவர்கள் தாங்கள் பிடித்த பூச்சியைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு ஒரு தனிக் குரலில் கூப்பிடுவார்கள். குட்டி ஓடிவந்து வாங்கிக்கொள்ளும். குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் கூப்பிடும் முறை மாறுகிறது. பெரியது ஓர் இடுக்கில் இரை இருப்பதைக் கண்டுபிடிக்கும், ஆனால் எடுக்காது. அதே குரலைக் கொடுக்கும். இளசு வந்து பெரியதின் கையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து, அந்த இடுக்கில் தானே கையை விட்டுத் தேடி எடுக்கும். காட்டில் இதைப் பலமுறை கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கற்பித்தல் என்று சொல்லலாமா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் கவனமாகத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், தன் பசியைத் தள்ளிவைத்து இளையதைத் தேடவைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பேர் எனக்குத் தெரியவில்லை.

இவற்றுக்கு யார் எதிரி?

வல்லூறு போன்ற பருந்தினங்கள், ஓசிலட் பூனை, பாம்பு, அப்புறம் டைரா. டைரா என்பது நம் நீலகிரி மார்ட்டினின் தென் அமெரிக்க உறவு, மரமேறி. மரப்பொந்தில் குடும்பமே தூங்கும்போது டைரா வாயிலில் வந்து நின்றால் தப்ப வழியில்லை. 1990-களில் இவை வாழும் போசு தாஸ் அன்தாஸ் காப்பகத்தில் இப்படிக் குடும்பம் குடும்பமாக அழிந்தன. ஒரே பொந்தையே தினமும் நம்பியிருக்க முடியாமல் பல பொந்துகள் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு குறைந்துபோனது எப்படி?

இது வாழும் இடம்தான் காரணம். பிரேசிலின் பெருநகரங்கள், கரும்பு, காப்பி, மாட்டுப் பண்ணை எல்லாம் முதலில் பரவியது இந்தக் கரையோரத்தில். தாழ்நிலக் காடு சமதளத்தில் இருப்பதால் வெட்டுவதும் சுலபம். அட்லாண்டிக் காட்டில் இன்று மிச்சம் இருப்பது மொத்தத்தில் சுமார் 12 சதவீதம். அழகாக இருந்ததால் வந்த கேடு இன்னொன்று. 1960-களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் பிடித்து வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைகளுக்கும் வீட்டு வளர்ப்புக்கும் ஏற்றுமதி செய்தார்கள்.

அப்போதே குரல் கொடுத்தவர் பிரேசில் விலங்கியலாளர் அடெல்மார் கோயிம்ப்ரா-ஃபில்யு. மிச்சம் எங்கெங்கே இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்த் தேடினார். காட்டில் 200 அளவில்கூட இருக்காது என்பது அன்றைய மதிப்பீடு. அவரும் அவரோடு நின்றவர்களும் விடாமல் கேட்டதன் பலனாக 1974-இல் போசு தாஸ் அன்தாஸ் காப்பகம் அமைந்தது. சுமார் 5,000 ஹெக்டேர், பிரேசிலில் உயிரியல் காப்பகம் என்ற வகையில் அதுவே முதல்.

மிருகக்காட்சி சாலைகளில் இருந்தவை என்ன ஆயின?

ஆரம்பத்தில் செத்துக்கொண்டிருந்தன. பிறப்பைவிட இறப்பு அதிகம். 1972-இல் வாஷிங்டனில் இதற்காகவே ஒரு கூட்டம் கூடியது. அங்குள்ள தேசிய மிருகக்காட்சி சாலையின் டெவ்ரா க்ளைமன் பொறுப்பெடுத்து, இந்தக் குரங்கு எப்படி வாழ்கிறது என்பதை அடியிலிருந்து படிக்கத் தொடங்கினார். வளர்ந்த பெண்கள் இரண்டை ஒரே கூண்டில் போட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஒரு ஜோடியாக வைக்க வேண்டும். குட்டிகளைச் சீக்கிரம் பிரித்தால், தம்பி தங்கையைச் சுமந்து பழகாத அவை பின்னாளில் தங்கள் குட்டியை வளர்க்கத் தெரியாமல் தவிக்கும். பழம் மட்டும் போதாது, பூச்சிப் புரதம் வேண்டும். இதையெல்லாம் சரிசெய்ததும் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. எந்த ஊரில் எந்தக் குரங்குக்கு யார் ஜோடி என்று பல நாட்டு மிருகக்காட்சி சாலைகளுக்கும் பொதுவாக ஒரே வம்சாவளிப் பதிவேடு வைத்தார்கள். பிறகு அந்தக் குரங்குகளின் உரிமையே பிரேசிலுக்குத் திரும்பியது. உலகத்தில் எந்த மிருகக்காட்சி சாலையில் இருந்தாலும் அவை பிரேசில் கடனாகக் கொடுத்தவை.

கூண்டில் பிறந்த குரங்கு காட்டில் பிழைத்ததா?

முதலில் இல்லை. 1984-இல் முதல் தொகுதியைக் காட்டில் விட்டபோது பெரும்பாலானவை சில மாதங்களில் இறந்தன, அல்லது மீட்டுவர வேண்டியதாயிற்று. கூண்டுக்குள் கம்பும் சட்டமும் ஆணியடித்து நின்றபடி இருக்கும். காட்டில் கிளை வளையும், ஆடும், முறியும். தாவினால் தாங்குமா என்று அவற்றுக்குத் தெரியவில்லை. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு வழி கண்டுபிடிக்கத் தெரியாமல் தரையில் இறங்கின. பழம் உரித்து வைத்தால்தான் தின்னும் என்ற நிலை.

பெஞ்சமின் பெக் தலைமையில் பலவற்றைச் செய்து பார்த்தார்கள். கம்புகளை அடிக்கடி மாற்றிக் கட்டினார்கள், உணவை ஒளித்துவைத்தார்கள். கோடையில் வாஷிங்டன் மிருகக்காட்சி சாலை மரங்களிலேயே குடும்பங்களைக் கூண்டில்லாமல் விட்டார்கள். விடுவதற்கு முந்தைய பயிற்சி எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தரவில்லை. உயிரைக் காத்தது விட்டபிறகு செய்த பராமரிப்பு. பின்னாலேயே ஆள் போய், உணவு வைத்து, தொலைந்ததைத் தேடிக் கொண்டுவந்து, பெட்டிக்கூடு கட்டிக்கொடுத்து, மாதக்கணக்கில் கூட இருந்தார்கள். விட்டவை தடுமாறினாலும் அவற்றுக்குக் காட்டில் பிறந்த குட்டிகள் முதல் நாளிலிருந்தே ஆடும் கிளையில் வளர்ந்தன. அவை தேறிவிட்டன. 2000வரை சுமார் 150 குரங்குகள் இப்படி விடப்பட்டன. இன்று காட்டில் இருப்பவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அவற்றின் வாரிசு.

இன்னொரு வழியும் கைகொடுத்தது. அழியப்போகும் சின்னச் சின்னக் காட்டுத் துண்டுகளில் தனித்து மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பிடித்து ஒரு பெரிய காட்டுக்கு மாற்றினார்கள். அந்தக் காடு 1998-இல் யூனியாவ் காப்பகம் ஆனது.

மஞ்சள் காய்ச்சல் வந்தது என்கிறார்களே?

2016-இல் தென்கிழக்கு பிரேசிலில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. நாம் சொல்லும் மஞ்சள் காமாலை வேறு, இது கொசு பரப்பும் வைரஸ். அலறு குரங்குகள் ஆயிரக்கணக்கில் செத்தன. 2018-இல் தங்க டாமரின்களுக்கும் வந்தது. 2014 கணக்கெடுப்பில் 3,700 இருந்தவை 2019-இல் 2,500 ஆகிவிட்டன. முப்பது வருட உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

நோயைப் பரப்புவது குரங்குதான் என்று எண்ணி மக்கள் குரங்குகளை அடித்துக் கொன்றதும் நடந்தது. இது கொடுமை மட்டும் இல்லை, முட்டாள்தனமும்கூட. காட்டில் குரங்கு சாவதுதான் நோய் வந்திருக்கிறது என்பதற்கு ஊருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை.

அப்புறம் பிரேசில்காரர்கள் துணிந்து ஒன்றைச் செய்தார்கள். மனிதர்களுக்குப் போடும் தடுப்பூசியையே அளவு குறைத்துக் காட்டுக் குரங்குக்குப் போட்டார்கள். வாழைப்பழம் வைத்த கூண்டில் பிடித்து, ஊசி போட்டு, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். மீண்டும் பிடித்து ரத்தம் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தது. நூற்றுக்கணக்கான குரங்குகளுக்குப் போட்டாயிற்று.

இப்போது எத்தனை? இனி கவலையில்லையா?

2023 கணக்கெடுப்பின்படி காட்டில் சுமார் 4,800. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் 2003-இல் மிக ஆபத்தான நிலையிலிருந்து ஒரு படி இறங்கி, அருகிவரும் இனம் என்ற நிலைக்கு வந்தது. இன்றும் அதே நிலைதான்.

கவலை இருக்கிறது. 1992-இல் தொடங்கிய தங்கச் சிங்க டாமரின் சங்கம் வைத்திருக்கும் இலக்கு, ஒன்றோடொன்று இணைந்த, பாதுகாக்கப்பட்ட 25,000 ஹெக்டேர் காட்டில் 2,000 குரங்குகள். தலைக்கணக்கு தாண்டிவிட்டது, "இணைந்த" என்பதுதான் இன்னும் முழுசாகக் கைகூடவில்லை. குரங்குகள் துண்டுகளாகப் பிரிந்து வாழ்கின்றன. துண்டுக்குள் அடைபட்டால் சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம், ஒரு நோய் வந்தால் மொத்தமும் காலி. மரத்தில் வாழும் இதற்குப் புல்வெளியைக் கடப்பது உயிரைப் பணயம் வைப்பது.

அதனால் மாட்டுப் பண்ணைக்காரர்களோடு பேசி, பண்ணை நிலத்தின் குறுக்கே மரவரிசைகள் நடுகிறார்கள். நாற்றங்கால்களை ஊர்க்காரர்களே, பெரும்பாலும் பெண்கள், நடத்துகிறார்கள். பிஆர்-101 நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது அதன்மேல் மண் நிரப்பி மரம் நட்ட பாலம் ஒன்றை 2020-இல் கட்டி முடித்தார்கள். வால்பாறையில் சோலைமந்திகள் வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் வளர்க்கலாமா?

கூடாது. இதற்கு "ஆனால்" எதுவும் இல்லை. அழியும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது வணிகம் தடை செய்யப்பட்ட இனங்களில், இது இருக்கிறது. இந்தியாவிலும் 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் இப்படிப்பட்ட அயல்நாட்டு இனங்களைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. இருந்தும் கடத்தல் நிற்கவில்லை. 2023-இல் சுரினாமிலும் 2024-இல் டோகோவிலும் கடத்தப்பட்ட தங்க டாமரின்கள் பிடிபட்டன. சென்னை விமான நிலையத்திலேயே தாய்லாந்திலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த மார்மோசெட் போன்ற சிறு குரங்குகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன.

நமக்கு உதட்டோரம் கொப்புளம் மட்டும் போடும் ஹெர்பிஸ் வைரஸ் இந்தக் குடும்பத்துச் சிறு குரங்குகளைக் கொன்றுவிடக் கூடியது. கொஞ்சலாக ஒரு முத்தம் போதும். சட்டையில் தொற்றிக்கொண்டு குட்டிக் குரங்கு நிற்கும் காணொளி வந்தால் விருப்பம் போடாதீர்கள், பகிராதீர்கள். தேவை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். ரியோ நகரத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில் சில்வா ஜார்திம் என்ற ஊர். அங்கே தங்கச் சிங்க டாமரின் சங்கமே முன்பதிவின்பேரில் வழிகாட்டியோடு காட்டுக்குள் அழைத்துப்போகிறது. சில குடும்பங்களில் ஒரு குரங்குக்கு ரேடியோ பட்டை கட்டியிருப்பார்கள், அந்தச் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து நடப்பதால் பார்க்கும் வாய்ப்பு அதிகம். சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். கையில் தின்பண்டம் வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழ் இந்தியா திரும்பும்போது விமான நிலையத்தில் கேட்பார்கள், பத்திரமாக வைத்திருங்கள்.